ஒரு சர்வர், இலட்சம் உரையாடல்கள்

"நாளைக்குக் கணக்குப் பரீட்சை உண்டா?" என்று உங்கள் தோழிக்குக் கைபேசியில் எழுதி அனுப்புகிறீர்கள். இரண்டு விநாடிக்குள் "உண்டு" என்று பதில் வந்துவிடுகிறது. அடுத்த தெருவிலிருக்கும் தோழியின் கைக்கு அது நேரே போய்ச் சேர்ந்ததாகத் தோன்றும். உண்மை அதுவன்று. உங்கள் செய்தி முதலில் எங்கோ தொலைவிலுள்ள ஒரு பெரிய கணிப்பொறிக்குப் போகிறது. அந்தக் கணிப்பொறி அதை வாங்கி, யாருக்கு உரியது என்று பார்த்து, உங்கள் தோழியின் கைபேசிக்கு அனுப்பி வைக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பியவுடன் பக்கத்தில் ஒரு சிறு குறி விழுகிறதே, அது நடுவிலுள்ள கணிப்பொறிக்குச் செய்தி போய்விட்டது என்பதற்கு அடையாளம். இரண்டாம் குறி விழுந்தால் தோழியின் கைபேசியை அடைந்துவிட்டது என்று பொருள். இரண்டும் நீல நிறமானால் அவள் படித்துவிட்டாள். (இந்த நீல நிறம் தெரியாதபடி நிறுத்தி வைக்கவும் வழியுண்டு. அது மாணவிகளுக்கெல்லாம் தெரியும். பெற்றோருக்குத் தெரியுமோ என்னவோ!)

நீங்கள் பரீட்சையைப் பற்றிக் கேட்ட அதே விநாடியில், துபாயில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் தம் மகளுக்கு எழுதுகிறார். ஒரு டாக்டர் நோயாளியின் வீட்டாருக்கு மருந்தின் பெயரை அனுப்புகிறார். ஒரு பாட்டி பேரனுக்கு வாழ்த்துச் சொல்கிறாள். இப்படி இலட்சக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் அந்தக் கணிப்பொறியுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் எழுதியது பாட்டிக்கும், பாட்டி எழுதியது உங்களுக்கும் வந்துவிடாமல் அது எப்படிப் பார்த்துக்கொள்கிறது? இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காது கொடுக்க அதனால் எப்படி முடிகிறது? இதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

இப்படி நடுவில் இருந்து பலருக்கும் பணி செய்யும் கணிப்பொறிக்கு 'சர்வர்' என்று பெயர். சர்வர் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர்தான். சிரிக்க வேண்டாம். இரண்டும் ஒரே சொல்தான். பரிமாறுகிறவர் என்பதே அதன் பொருள். அந்த ஓட்டல் சர்வரையே பின்னால் நம் உதவிக்கு அழைக்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இணையத்தில் சாதாரணமாக ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பது, பதில் அஞ்சலட்டை எழுதுவது போன்றது. நீங்கள் கேட்கிறீர்கள், சர்வர் பதில் அனுப்புகிறது, அத்துடன் காரியம் முடிந்தது. அடுத்த கணம் நீங்கள் யாரென்றே அதற்கு நினைவில்லை. ஆனால் உரையாடல் அப்படிப்பட்டதன்று. உங்கள் தோழி எப்போது பதில் எழுதுவாள் என்று யாருக்குத் தெரியும்? அவள் எழுதியவுடன், நீங்கள் கேட்காமலே, சர்வர் தானாக உங்களை அழைத்துச் சொல்ல வேண்டும். பழைய இணைய முறையில் இதற்கு இடமே இல்லை. அங்கே எப்போதும் கேட்கிறவரே முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

ஆகவே ஆரம்பத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். ஐந்து விநாடிக்கு ஒரு முறை உங்கள் கணிப்பொறி சர்வரிடம், "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். தபாலாபீசுக்கு ஓடி ஓடிப் போய் விசாரிப்பது போல. பத்தாயிரம் பேர் இப்படி விசாரித்தால் விநாடிக்கு 2,000 கேள்விகள். பெரும்பாலானவற்றுக்கு "இல்லை" என்பதே பதில். பிறகு இதில் சிறிது திருத்தம் செய்தார்கள். கேள்வி வந்தவுடன் "இல்லை" என்று சொல்லிவிடாமல், "கொஞ்சம் நில், வந்தவுடன் தருகிறேன்" என்று சர்வர் அந்தக் கேள்வியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதுவும் ஒட்டுப் போட்ட வேலைதான். கடைசியில் 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் 'வெப்சாக்கெட்' என்ற விதிமுறை முறைப்படி வெளியிடப்பட்டது. அதன்படி இரு தரப்புக்கும் நடுவில் ஒரு பாதை திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் வைத்திருப்பது போன்ற நிலை இது. இப்படித் திறந்திருக்கும் ஒவ்வொரு தொடர்பையும், அதைப் பற்றி சர்வர் நினைவில் வைத்திருக்கும் விவரங்களையும் சேர்த்து ஓர் 'அமர்வு' என்று சொல்லலாம்.

என்னென்ன விவரங்கள்? இவர் யார், எப்போது வந்தார், யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார், இவருக்குக் கொடுக்க வேண்டியது ஏதும் பாக்கி இருக்கிறதா என்பன. இன்னும் ஒரு நுட்பமான விவரமும் உண்டு. இணையத்தின் வழியே வரும் செய்தி ஒரே துண்டாக வரும் என்று எண்ணக் கூடாது. "நாளைக்குக் கணக்" என்று ஒரு துண்டும், "குப் பரீட்சை உண்டா?" என்று மறு துண்டும் வந்து சேரலாம். தமிழில் இன்னும் வேடிக்கை. இணையத்தில் பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 என்னும் முறையில் 'க' என்ற ஓர் எழுத்தைக் குறிக்க 3 பைட்டுகள் வேண்டும். 'கா' என்றால் 6 பைட்டுகள். ஆகையால் ஓர் எழுத்தின் நடுவிலேயே துண்டு விழவும் கூடும்! வந்த பாதியை அந்த அமர்வின் கணக்கில் பத்திரமாக எடுத்து வைத்து, மீதி வரும் வரை சர்வர் காத்திருக்க வேண்டும். அந்தப் பாதியை வேறொருவரின் மீதியோடு ஒட்டிவிடவும் கூடாது.

சரி, எந்தத் தொடர்பு யாருடையது என்று அது எப்படிக் கண்டுகொள்கிறது? ஒவ்வொரு தொடர்புக்கும் நான்கு எண்கள் உண்டு: உங்கள் பக்கத்து முகவரி, உங்கள் பக்கத்து வாசல் எண், சர்வரின் முகவரி, சர்வரின் வாசல் எண். முகவரி என்பது தெரு, கதவிலக்கம் போன்றது. வாசல் எண் என்பது அந்த வீட்டுக்குள் எந்த அறை என்று சொல்வது போன்றது. மாணவியர் விடுதி ஒன்றில் ஐம்பது பேர் ஒரே வைஃபை இணைப்பைப் பயன்படுத்தினால், வெளியுலகுக்கு ஐம்பது பேருக்கும் ஒரே முகவரிதான் தெரியும். வாசல் எண் மட்டும் வேறுபடும். அந்த ஒரு வேறுபாடு போதும், ஐம்பது உரையாடல்களும் தனித்தனியே நிற்கும். வாசல் எண்கள் 65,535 வரைதான் உண்டு என்பதால், ஒரு சர்வர் அத்தனை பேரோடு மட்டுமே பேச முடியும் என்று சில புத்தகங்களில்கூட எழுதிவிடுகிறார்கள். அது தவறு. நான்கு எண்களில் ஏதேனும் ஒன்று மாறினாலும் அது வேறு தொடர்பே. சர்வரின் பக்கத்தில் ஒரே வாசல் எண்ணை வைத்துக்கொண்டே இலட்சக்கணக்கான பேரை வரவேற்கலாம்.

இந்தக் கலை எப்போது தொடங்கியது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாடம் கற்பிப்பதற்கென்று 'பிளாட்டோ' என்ற கணிப்பொறி அமைப்பு ஒன்று 1960-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. 1973-இல் டக் பிரௌன், டேவிட் வுல்லி என்ற இருவர் அதில் 'டாக்கோமேட்டிக்' என்று ஒன்றை அமைத்தார்கள். அதில் 6 அறைகள்; ஓர் அறையில் 5 பேர் வரை பேசலாம். ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கணமே மற்றவர் திரையில் விழும். எழுதி, அழித்து, மறுபடி எழுதுவதுகூடத் தெரியும். இப்போதைய கைபேசிகளில் 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று மட்டுமே தெரிகிறது. நாணமுள்ளவர்களுக்கு இப்போதைய முறையே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கும் முன்னால் கணிப்பொறியே இல்லாத காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். தொலைபேசி வந்த புதிதில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலைக்குப் பையன்களை அமர்த்தினார்கள். அவர்கள் குறும்பு செய்தார்கள். பேச வந்தவர்களிடம் மரியாதையின்றிப் பேசினார்கள். ஆகவே 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி எம்மா நட் என்ற பெண்மணியை அமர்த்தினார்கள். அவரே உலகின் முதல் பெண் தொலைபேசி ஆபரேட்டர். சில மணி நேரத்தில் அவருடைய சகோதரி ஸ்டெல்லாவும் வந்து சேர்ந்தார். பின்னர் உலகெங்கும் இந்த வேலை பெண்களுடையதாயிற்று. டிரங்கால் போட்டுவிட்டுக் காத்திருந்த நாள்களைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். மறுமுனையில் "லைனில் இருங்கள்" என்று சொன்ன குரல் பெரும்பாலும் ஒரு பெண்ணின் குரலாகவே இருந்திருக்கும்.

அந்த ஆபரேட்டர் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். அவர் முன்னால் ஒரு பெரிய பலகை. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துளை, அதன் அருகில் ஒரு சிறு விளக்கு. யாராவது தொலைபேசியை எடுத்தால் அவர்களுடைய விளக்கு எரியும். ஆபரேட்டர் கயிற்றின் ஒரு முனையை அங்கே செருகி, "எந்த நம்பர்?" என்று கேட்டு, மறு முனையை உரிய துளையில் செருகுவார். அத்துடன் அடுத்த விளக்குக்குப் போய்விடுவார். இருவரும் பேசி முடிக்கும்வரை அவர் காத்திருப்பதில்லை. பேசாதவர்களைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. எரிகிற விளக்கு மட்டுமே அவர் கண்ணில் படும். அதனால்தான் ஒருவரால் அத்தனை வீடுகளைக் கவனிக்க முடிந்தது. கணிப்பொறி விஞ்ஞானிகள் இதே உபாயத்துக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது ஓட்டலுக்கு வருவோம். ஒரு முதலாளி, வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு சர்வரை நியமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உட்கார்ந்தது முதல் கை கழுவுகிற வரை அவர் உங்கள் பக்கத்திலேயே நிற்பார். நீங்கள் யோசிக்கும்போதும் நிற்பார், தோசை வேகும்போதும் நிற்பார். பத்துப் பேர் வரும் ஓட்டலுக்கு இது சரிதான். உபசாரம்கூட நன்றாக இருக்கும். பத்தாயிரம் பேர் வந்தால்? சர்வர்கள் நிற்கவே இடம் போதாது. தொடர்பு ஒன்றுக்கு ஒரு 'இழை' என்று ஒதுக்குவது கணிப்பொறியில் இத்தகைய ஏற்பாடுதான். ஓர் இழைக்கு 1 மெகாபைட் நினைவிடம் என்று வைத்தாலும் 10,000 இழைகளுக்கு ஏறக்குறைய 10 ஜிகாபைட் தேவை. அத்துடன் ஓர் இழையை விட்டு அடுத்த இழைக்கு மாறி மாறிப் போவதிலேயே இயந்திரத்தின் பொழுது கழிந்துவிடும்.

1999-ஆம் ஆண்டில் டான் கெகல் என்ற பொறியாளர் இந்தத் தொல்லையை எடுத்துச் சொல்லி, அதற்குப் 'பத்தாயிரம் பேர் பிரச்சினை' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். கணிப்பொறியின் பலம் குறைவன்று, அதை நாம் வேலை வாங்கும் முறையில்தான் குறை என்பது அவருடைய வாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 ஜிகாபைட் நினைவிடத்தை 20,000 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 100 கிலோபைட் கிடைக்கிறது. நான்கு வரி உரையாடலுக்கு அது தாராளம் அல்லவா?

ஆகவே முறையை மாற்றினார்கள். கெட்டிக்கார சர்வர் ஒருவரே பத்து மேசைகளைப் பார்த்துக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். முதல் மேசையில் ஆர்டர் வாங்கி அடுக்களைக்குச் சொல்லிவிட்டு, அங்கே நிற்காமல் அடுத்த மேசைக்குப் போகிறார். அடுக்களையிலிருந்து "மசால் தோசை ரெடி!" என்று குரல் வந்தால் எடுத்துக்கொண்டு வருகிறார். யாராவது கை காட்டினால் அங்கே போகிறார். சமைப்பது அடுக்களை, சாப்பிடுவது வந்தவர். அவர் செய்வதெல்லாம் கூப்பிட்ட இடத்துக்கு ஓடுவதுதான். இதற்கு 'நிகழ்ச்சிச் சுழற்சி' என்று பெயர் சொல்லலாம். ஒரே ஓர் இழை ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே ஏதாவது நிகழ்ந்ததோ அதை மட்டும் கவனிக்கிறது.

"கை காட்டியது யார்?" என்று தெரிந்துகொள்வதிலும் ஒரு வளர்ச்சி உண்டு. 1983-இல் யூனிக்ஸ் கணிப்பொறிகளில் 'செலக்ட்' என்ற வசதி வந்தது. அது வகுப்பில் ஆசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்து, முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "உனக்குச் சந்தேகம் உண்டா?" என்று கேட்பது போன்றது. நாற்பது பேர் வகுப்பில் பரவாயில்லை. நாற்பதாயிரம் பேர் வகுப்பில் ஒருத்திக்குச் சந்தேகம் வந்தாலும் நாற்பதாயிரம் பெயரையும் கூப்பிட வேண்டும்! 2000-ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்கு முறையில் 'கேக்யூ'வும், 2002-இல் லினக்சில் 'ஈபோல்' என்பதும் வந்தன. இவை கை தூக்கியவர்களின் பெயர்களை மட்டும் எழுதி ஆசிரியையிடம் கொடுத்துவிடும். வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது பொருட்டே இல்லாமல் போயிற்று. உரையாடலில் பெரும்பாலோர் பெரும்பாலான நேரம் சும்மா இருப்பவர்களே ஆதலால், இது அதற்கென்றே செய்ததுபோல் பொருந்தியது. இகோர் சிசோயெவ் என்ற ரஷ்யர் இந்த முறையில் எழுதி 2004-இல் வெளியிட்ட 'என்ஜின்எக்ஸ்', 2009-இல் ரையன் டால் உருவாக்கிய 'நோட்' ஆகியவை இவ்வழியில் புகழ் பெற்றவை.

ஆனால் இந்த முறைக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. அந்த ஒரே சர்வரை ஒரு மேசைக்காரர் பிடித்து நிறுத்தி, தம் வீட்டுக் கதையெல்லாம் சொல்லத் தொடங்கினால், மற்ற ஒன்பது மேசைகளும் பட்டினி. அதுபோலவே, ஒருவருக்காக நீண்ட கணக்கு ஒன்றைப் போட அந்த இழை உட்கார்ந்துவிட்டால், இலட்சம் பேரும் காத்திருக்க வேண்டியதுதான். நிரலை எழுதுகிறவர் ஒவ்வோர் அடியிலும் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கவனக்குறைவு எல்லாரையும் பாதிக்கும்.

இந்தக் குறையைப் போக்கிய மற்றொரு வழி, வியப்பாக, மறுபடியும் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. டென்மார்க் நாட்டில் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் அக்னர் எர்லாங் என்ற கணித மேதை வேலை பார்த்தார். எத்தனை ஆபரேட்டர்களும் எத்தனை கம்பிகளும் இருந்தால் மக்கள் நெடுநேரம் காத்திராமல் பேச முடியும் என்பதை நிகழ்தகவுக் கணிதத்தால் ஆராய்ந்து 1909-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நீங்கள் கணக்குப் பாடத்தில் படிக்கும் நிகழ்தகவேதான். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. 1986-ஆம் ஆண்டளவில் சுவீடனின் எரிக்சன் கம்பெனியில் ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் தொலைபேசி நிலையங்களுக்காக ஒரு புதிய கணிப்பொறி மொழியை உருவாக்கி, அதற்கும் எர்லாங் என்றே பெயரிட்டார்கள்.

அந்த மொழியில் உரையாடல் ஒன்றுக்கு ஒரு சிறு வேலையாளை ஒதுக்குகிறார்கள். மறுபடியும் பழைய கதைதானே என்பீர்கள். இல்லை. இந்த வேலையாள் மெகாபைட் கேட்பவனல்லன். சில கிலோபைட்டுகள் இருந்தால் போதும், ஒரு மூலையில் ஒண்டிக்கொள்வான். ஒருவன் பெட்டியில் இன்னொருவன் கை வைக்க முடியாது. எது வேண்டுமானாலும் கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும். எவனாவது நீண்ட நேரம் இடத்தைப் பிடித்துக்கொண்டால், "போதும், அடுத்தவனுக்கு வழி விடு" என்று எழுப்பிவிடுவார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது: ஒருவன் தவறு செய்து விழுந்தால் அவன் மட்டுமே விழுவான். அவனைக் கண்காணிக்கும் மேஸ்திரி உடனே புதிய ஆள் ஒருவனை அந்த இடத்தில் வைப்பான். பக்கத்து உரையாடல்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு சந்தாதாரரின் தொலைபேசியில் கோளாறு என்பதற்காக ஊர் முழுவதும் தொலைபேசி நின்றுபோகலாமா? அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே இந்த ஏற்பாடு. இத்தனை நல்ல மொழியை எரிக்சனின் ஒரு பிரிவு 1998-இல் புதிய வேலைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்துவிட்டது! அதே ஆண்டு இறுதியில் அது உலகத்தார் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப்பட்டது. தடுத்தவர்களுக்கு நாம் ஒரு விதத்தில் நன்றி சொல்ல வேண்டும்.

ஏனென்றால் 2009-இல் ஜான் கோம், பிரையன் ஆக்டன் என்ற இருவர் தொடங்கிய வாட்ஸ்அப், தன் சர்வர்களுக்கு எடுத்துக்கொண்டது இந்த எர்லாங் மொழியையே. 2012-ஆம் ஆண்டு ஜனவரியில், ஒரே ஒரு சர்வரில் ஒரே சமயத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்புகளைத் தாங்கிவிட்டோம் என்று அவர்கள் அறிவித்தார்கள். பத்தாயிரம் பேரே பெரிய பிரச்சினை என்று சொல்லி அப்போது பதின்மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை! 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் கம்பெனி வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 45 கோடிப் பேர். அங்கிருந்த பொறியாளர்களோ முப்பதுக்குச் சற்று மேல்.

இத்தனை பேரைத் தாங்குவது ஒரு பக்கம் இருக்க, ஒருவர் பேச்சு மற்றவரிடம் போய்விடாமல் காப்பதுதான் உண்மையில் கடினமான காரியம் என்பது என் எண்ணம். மெதுவாக வரும் செய்தியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆள் மாறிப் போன செய்தியைத் திரும்ப வாங்க முடியாது. 2023-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி சாட்ஜிபிடி என்ற உரையாடல் இயந்திரத்தில் இப்படி நடந்தது. சிலருக்குத் தம் பக்கத்தில் வேறு யாரோ பேசிய உரையாடல்களின் தலைப்புகள் தெரிந்தன. அதை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம் சேவையை நிறுத்திவிட்டு ஆராய்ந்தது. பணம் கட்டிப் பயன்படுத்துவோரில், குறிப்பிட்ட ஒன்பது மணி நேரத்துக்குள் வந்திருந்தவர்களில் 1.2 விழுக்காட்டினரின் பெயர், மின்னஞ்சல், கடன் அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் முதலியனவும் பிறர் கண்ணில் பட்டிருக்கக் கூடும் என்று அது ஒப்புக்கொண்டது.

காரணம் என்ன தெரியுமா? கூட்டமான ஒரு மருந்துக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வரிசையில் வருபவர் டாக்டர் சீட்டை உள்ளே கொடுக்கிறார். உள்ளிருந்து அதே வரிசையில் மருந்துப் பொட்டலங்கள் வெளியே வருகின்றன. பொட்டலத்தில் பெயர் எழுதுவதில்லை; முதலில் கொடுத்தவருக்கு முதல் பொட்டலம், அவ்வளவுதான். ஒருவர் சீட்டைக் கொடுத்த பிறகு, மருந்து வருமுன், பேருந்து வந்துவிட்டது என்று ஓடிவிடுகிறார். அவருடைய மருந்து வெளியே வரும்போது அடுத்தவர் அதை வாங்கிக்கொள்கிறார். அடுத்தவருடையதை அதற்கடுத்தவர் வாங்குகிறார்! சர்வருக்கும், விவரங்களைச் சேமித்து வைக்கும் 'ரெடிஸ்' என்ற பெட்டகத்துக்கும் நடுவில் நடந்தது இதுவே. கேள்வியை அனுப்பிய பிறகு, பதில் வருமுன், ஏதோ காரணத்தால் அந்தக் கேள்வி கைவிடப்பட்டால், பதில் மட்டும் பாதையில் தங்கிவிடும். அடுத்து அந்தப் பாதையைப் பயன்படுத்துபவருக்கு அது போய்விடும். கூட்டம் குறைவாக இருக்கும்போது அபூர்வமாகவே நேரும். அன்று கைவிடப்பட்ட கேள்விகள் திடீரென்று பெருகியதால் வெளிப்பட்டது. அதன்பின் பொட்டலத்தின்மேல் பெயர் இருக்கிறதா, அது கேட்டவரின் பெயர்தானா என்று சரி பார்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் ஒவ்வொரு செய்தியும் அனுப்புகிறவரின் கைபேசியிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவரின் கைபேசியில்தான் திறக்கப்படுகிறது. நடுவிலுள்ள சர்வர் வழி தவறிக் கொடுத்தாலும் பெற்றவரால் படிக்க முடியாது.

இனி மீதியுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேருந்து மலைப்பாதையில் போகும்போது கைபேசிக்குத் தொடர்பு அறுந்தால் சர்வருக்கு அது உடனே தெரியாது. அமைதியாக இருப்பவருக்கும் போய்விட்டவருக்கும் அதன் கண்ணில் வேறுபாடில்லை. ஆகவே அவ்வப்போது "இருக்கிறாயா?" என்று கேட்கும், "இருக்கிறேன்" என்று பதில் வராவிட்டால் அமர்வை முடித்து, வந்த செய்திகளை எடுத்து வைக்கும். பதில் வரும் வழியில் தொலைந்தால் கைபேசி அதே செய்தியை மறுபடி அனுப்பும். அப்போது இரு முறை பதிவாகாமலிருக்க ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி எண் உண்டு. ஒரு சர்வர் நின்றுபோய் மறுபடி எழுந்தால், மணி அடித்தவுடன் பள்ளி வாசலில் எல்லாரும் முண்டியடிப்பது போல, இலட்சம் கைபேசிகளும் ஒரே கணத்தில் வந்து மோதி அதை மறுபடி வீழ்த்திவிடலாம். அதனால் ஒவ்வொரு கைபேசியும் சீட்டுக் குலுக்கியது போல் வெவ்வேறு நேரம் காத்திருந்து வரும்படி செய்கிறார்கள். குழுச் செய்திக்கு வேறு கணக்கு. 500 பேருள்ள பெற்றோர் குழுவில் ஒருவர் காலை வணக்கம் சொன்னால் அது 499 பேருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வேலை. அதற்கு 499 பேரும் பதில் வணக்கம் சொன்னால் எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கணிப்பொறி ஆய்வகத்தில் நேரம் கிடைக்கும் மாணவிகள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைத்தான் மொழியில் 'அசின்க்-ஐஓ' என்ற தொகுப்பைக் கொண்டு, வந்த செய்தியைத் திருப்பி அனுப்பும் சிறு சர்வர் ஒன்றை இருபது, முப்பது வரிகளில் எழுதிவிடலாம். மூன்று கணிப்பொறிகளிலிருந்து அதனோடு தொடர்பு கொள்ளுங்கள். 'உறங்கு' என்ற சொல் வந்தால் மட்டும் சர்வர் 20 விநாடி நிற்கும்படி, சாதாரணமான 'ஸ்லீப்' கட்டளையை முதலில் எழுதுங்கள். ஒருத்தி 'உறங்கு' என்று அனுப்பியவுடன் மற்ற இருவருக்கும் பதில் நின்றுபோவதைக் காண்பீர்கள். பிறகு அந்தக் கட்டளையை எடுத்துவிட்டு, அசின்க்-ஐஓவுக்கே உரிய 'ஸ்லீப்' கட்டளையை 'அவெய்ட்' என்ற சொல்லோடு சேர்த்து எழுதி, மறுபடி அனுப்பிப் பாருங்கள். இம்முறை காத்திருப்பவள் அந்த ஒருத்தி மட்டுமே.